ஒரு செக்கனுக்கு 24 சட்டகங்கள்



அசைவூட்டம் கற்க விரும்பும் தங்கைமாருக்காக இன்று பேசுகிறோம். திரைப்படத்தில் செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடும். ஒரு சித்திரத்தை இரு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் 12 சித்திரங்கள் வேண்டும்; நிமிடத்துக்கு 720. இடைப்பட்ட சிலவற்றைக் கணினி நிரப்பித் தரும். ஆனால் எது கனம், எது இலேசு என்பதைக் கண்தான் கற்க வேண்டும்.

அதற்கு நம் திருகோணமலையே நல்ல வகுப்பறை. பிரெடரிக் கோட்டைப் புள்ளிமான் துள்ளுமுன் உடலைத் தாழ்த்துவதையும், கரைவலை இழுப்போர் பின்சாய்வதையும் கொப்பியில் கீறிப் பழகட்டும். பிறகு கிரிட்டா, பிளெண்டர் போன்ற இலவச மென்பொருள்களில் அசைத்துப் பார்க்கட்டும். எழுத்துகளையும் வடிவங்களையும் அசைக்கும் இயக்க வரைகலைக்கும் இந்தப் பயிற்சியே அடித்தளம்.

1926இல் லொட்டே ரைனிகர் என்ற ஜெர்மன் பெண்மணி, கத்தரிக்கோலால் வெட்டிய நிழலுருக்களைக் கொண்டே ஒரு முழுநீளப் படத்தை வெளியிட்டார்.

“சித்திரம் சோறு போடுமா?” என்ற கேள்வியால் சாதாரண தரத்தோடு பென்சிலைக் கீழே வைத்தவர்கள் நம்மிடையே பலர். அடுத்த தலைமுறைக்கு அது நேர வேண்டாம். சித்திர அறைக்குக் கணினிகளும் வரைபலகைகளும் வாங்க நாம் கைகொடுப்போம். இத்துறையில் தொழில் பார்க்கும் சகோதரிகள், மாதம் ஒரு மணிநேரமாவது இணையவழியாகப் பிள்ளைகளின் வேலையைப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.