கம்ப்யூட்டர் அறை மாடியிலா, கீழேயா?



பள்ளிக் கம்ப்யூட்டர் அறையை எங்கே வைப்பது என்று பெற்றோர் கேட்டீர்கள். பழைய கதை கொஞ்சம் சொல்கிறேன்.

1946இல் அமெரிக்காவில் மக்கள் பார்வைக்கு வந்த எனியாக் கணினியில் ஏறக்குறைய 18,000 வால்வுகள். பழைய ரேடியோவுக்குள்ளே சிவப்பா எரியுமே, அதே வால்வுதான்! காற்றாடிகள் ஓயாமல் ஊத வேண்டும். சூடு அளவு மீறினால் மின்சாரம் தானே நின்றுவிடும்.

1980இல் ஐபிஎம் அறிவித்த 3081 கணினிக்குக் காற்று மட்டும் போதவில்லை. குளிர்ந்த நீரைக் குழாய் வழியே உள்ளே ஓடவிட்டார்கள். தண்ணி பட்டா கெட்டுப்போற சாமானுக்குத் தண்ணியே வைத்தியம்!

அத்தகைய அறைகளின் தரை, நம் நாட்டுக் கம்பத்து வீடு போல் கால்களின்மேல் நிற்கும். வெள்ளத்துக்குப் பயந்து அல்ல. அடியில் கம்பிகளும் குளிர்காற்றும் போக வேண்டுமே! ஆனால் குழாய் கசிந்தால், தண்ணீர் யார் கண்ணிலும் படாமல் அந்தக் கம்பிகளுக்கு நடுவேதான் தேங்கும். ஆகவே ஈரம் பட்டதும் மணியடிக்கும் கருவியையும் தரைக்கடியில் வைத்தார்கள்.

மாடியில் வைத்தால் போதுமா? 1992 ஏப்ரலில் சிகாகோ நகரில் ஆற்றுநீர் பழைய சுரங்கப்பாதைகளில் புகுந்து, கட்டடங்களின் நிலத்தடி அறைகளை நிரப்பியது. மின்சாரச் சாதனங்கள் பல அங்கேதான் இருந்தன. மாடியில் ஒரு சொட்டு நனையாத கம்ப்யூட்டரும் கரண்ட் இல்லாமல் நின்றுபோச்சு.

மாடி அறை நல்லதுதான். மெயின் சுவிட்சு எந்த உயரத்தில் இருக்குன்னும் ஒரு தடவை பாத்துடுங்க.