எட்டுக் கித்தார்கள், ஒரு கலைஞர்

மின் கித்தாரின் இசையைப் பதிவு செய்வதற்குப் பெருஞ்செலவில் அமைந்த கலையகம் வேண்டுமென எண்ணுவோர் பலர். அமெரிக்க இசைஞர் லெஸ் போல் அவ்வாறு எண்ணினாரல்லர். ஹொலிவூட்டில் தமது வீட்டு மோட்டார்க் கொட்டகையில், கடிலாக் வண்டியொன்றின் பாரச் சில்லைச் சுழல்தட்டாக்கி, இசைத்தட்டு வெட்டும் பொறியைத் தாமே அமைத்தார். 1948இல் வெளிவந்த ‘லவர்’ என்னும் இசைத்தட்டில் எட்டுக் கித்தார்கள் ஒலிக்கின்றன. வாசித்தவர் அவர் ஒருவரே.

முதற்றட்டை ஒலிக்கவிட்டு, அதனோடு இசைந்து வாசித்து, இரண்டையும் மறுதட்டிற் சேர்த்துப் பதிந்தார். படிதோறும் முந்திய ஒலி சற்று மங்கும். ஆதலின் துணைப்பகுதிகளை முன்னரும் தலைமை இசையை இறுதியிலும் வாசித்தார். பின்னர் ஒலிநாடா வந்தது. அதிலே பழைய ஒலி அழிந்தே புதியது பதியும். கடைசிப் படியில் விரலொன்று தவறினும் அனைத்தும் பாழ். நியூயோர்க்கில் தம் இல்லத்தில் அவரும் மனைவியார் மேரி போர்ட்டும் இவ்வண்ணம் பதிந்த ‘ஹௌ ஹை த மூன்’ 1951இல் ஒன்பது வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் நின்றது.

இன்றோ, சிறிய இணைப்புப் பெட்டியொன்றின் வழியே கித்தாரை நேரே கணினியிற் பொருத்தலாம். அயலார் உறக்கம் கலையாது. தவறினால் மீண்டும் வாசிக்கலாம். (இவ்வசதி விரல்களைச் சோம்பலாக்குகிறது என்பது என் எண்ணம்.) ஒலியளவை மட்டும் சற்றுத் தாழ்த்தியே வைத்துக்கொள்க, எல்லை மீறிச் சிதைந்த ஒலியைப் பின்னர்ச் சீர்செய்தல் அரிது.