சேர்ந்தவர் கணக்கு இருக்கு... முடிச்சவர் கணக்கு எங்கே?

(இராமநாதபுரத்தில் நடந்த மாணவர் அணிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக இங்கே பகிர்கிறோம். முழுசாகப் படியுங்கள், பகிருங்கள்.)



தொண்டியில இருந்து ஏர்வாடி வரைக்கும், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், கீழக்கரைன்னு கடற்கரை ஓரமாவே பஸ் மாறி மாறி வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, தோழர்களே!

நான் பாம்பன்காரன். எங்க அப்பா விசைப்படகுல கூலிக்குப் போனவர். எங்க வீட்டுல முதல்ல காலேஜ் வாசலை மிதிச்சது என் அண்ணன். அவர் சேர்ந்த அன்னைக்கு எங்க தெருவுக்கே அம்மா மிட்டாய் கொடுத்தாங்க. ரெண்டாம் வருஷம், பீஸ் கட்ட வேண்டிய மாசத்துல, அப்பா போன படகு எல்லை தாண்டுச்சுன்னு பிடிபட்டுச்சு. அண்ணன் புத்தகத்தை மடிச்சு வச்சிட்டு கடலுக்குப் போனார். அப்பா திரும்பி வந்தார். அண்ணன் காலேஜுக்குத் திரும்பல.

ஏன் வரலைன்னு கேட்டு எங்க வீட்டுக்கு ஒரு போன்கூட வரல. ஆனா ஏதோ ஒரு கோப்புல, இன்னைக்கும் அவர் ‘உதவித்தொகை பெற்ற பயனாளி’. ஒரு எண்ணிக்கை. திட்டத்தோட வெற்றிக் கணக்குல ஒண்ணு.

இந்த ஒரு எண்ணைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன்.

தோழர்களே, திட்டங்களை நான் குறை சொல்ல வரல. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கு வந்துச்சு, 2021-ல் பொறியியலுக்கும் வந்துச்சு. 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’. அதே வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி ‘புதுமைப் பெண்’. 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’. மாசம் 1,000 ரூபாய் நேரா வங்கிக் கணக்குக்கு வருது.

இது சின்ன விஷயம் இல்ல. நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி-யில சேர இடம் கிடைச்சப்போ, கையில பணம் இல்ல. அவருடைய அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சுத்தான் அனுப்பினாங்க. அன்னைக்கு ஒரு அக்கா சுமந்த பாரத்துல ஒரு பங்கை இன்னைக்கு அரசாங்கம் சுமக்குது. சுமக்கத்தான் வேணும். அது தருமம் இல்ல, உரிமை.

ஆனா கேள்வி இதுதான். அந்த வளையல் வேலை செஞ்சுதா? கலாம் படிச்சு முடிச்சார், அதனால நமக்குத் தெரியும். இன்னைக்குக் கொடுக்கிற ஆயிரம் ரூபாய் யாருக்கு வேலை செய்யுது, யாருக்குப் பத்தல, எந்த மாசத்துல பத்தல? அது தெரியுமா நமக்கு?

‘இத்தனை லட்சம் பேர் பயன்பெற்றனர்’ என்று போஸ்டர் அடிக்கிறோம். எல்லாக் கட்சியும் அடிக்குது. நாமளும் அடிக்கிறோம், ஒத்துக்கணும். அது செலவுக் கணக்கு தோழர்களே, விளைச்சல் கணக்கு இல்ல. வலை எத்தனை முறை வீசினோம்னு சொன்னா போதுமா? மீன் எவ்வளவுன்னு சொல்ல வேணாமா?

ஒரு உதாரணம் சொல்றேன். இது புரியறதுக்காக நான் போட்ட கணக்கு, எந்த ஊர்க் கணக்கும் இல்ல.

ஒரு வட்டாரத்துல 100 பேர் பிளஸ் டூ பாஸ் பண்றாங்க. 60 பேர் கல்லூரியில சேர்றாங்க. மூணாம் வருஷம் கடைசிப் பரீட்சை எழுத 40 பேர்தான் மிச்சம். அதுல 38 பேர் பாஸ். இப்போ தேர்ச்சி எத்தனை சதவீதம்? பரீட்சை எழுதினவங்களை வச்சுப் பார்த்தா 95. சேர்ந்தவங்களை வச்சுப் பார்த்தா 63. பிளஸ் டூ முடிச்சவங்களை வச்சுப் பார்த்தா 38.

மூணுமே உண்மைதான். யாரும் பொய் சொல்லல. ஆனா நோட்டீஸ்ல எது வரும்? 95 வரும். என் அண்ணன் மாதிரி நடுவுல நின்னவங்க அந்த 95-க்குள்ள இல்லவே இல்ல. வகுத்தல் கணக்குல கீழே என்ன எண்ணைப் போடுறாங்கன்னு பார்க்கிறதுதான் அரசியல். அந்தக் கீழ் எண்ணைக் கேளுங்க.

அடுத்தது, சராசரி. மத்திய அரசோட உயர்கல்வி ஆய்வறிக்கை 2021-22 படி, உயர்கல்வியில மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டுல 47 சதவீதம், இந்தியாவுல 28.4. பெருமைப்பட வேண்டிய எண். ஆனா அந்த 47-ல தங்கச்சிமடத்துக்கு எவ்வளவு? சாயல்குடிக்கு எவ்வளவு? அதே மாநிலத்துல இருக்கிற நம்ம மாவட்டத்தைத்தான் 2018-ல் நிதி ஆயோக் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியல்ல வச்சுது. தமிழ்நாட்டுல இருந்து அதுல போனது ரெண்டே மாவட்டம். நாம ஒண்ணு, விருதுநகர் ஒண்ணு.

இன்னொரு விஷயம். அந்த அறிக்கையில எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. என்று பிரிச்சுக் காட்டுவாங்க. அது அவசியம். ஆனா மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை எங்கே? பெரும்பாலும் ஓ.பி.சி. என்கிற பெரிய கூடைக்குள்ள. நிலம் உள்ளவன் பிள்ளையும், கடை வச்சிருக்கிறவன் பிள்ளையும், கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போற அம்மாவோட பிள்ளையும் அங்கே ஒரே கட்டத்துல நிக்கிறாங்க. நம்ம கரையில மீன்பிடிக்கிறவங்க ஒரே சாதி இல்ல, ஒரே மதமும் இல்ல. தொழில் ஒண்ணு, துன்பம் ஒண்ணு. அந்தத் தொழிலுக்குக் கணக்குல ஒரு கட்டம் இல்ல. கட்டம் இல்லாதவனுக்குத் திட்டமும் இருக்காது.

இப்போ காலண்டரை எடுங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் போகாது. பிளஸ் டூ ரிசல்ட் எப்போ? 2023, 2024, 2025 மூணு வருஷமும் மே முதல் பத்து நாளுக்குள்ள வந்துடுச்சு. அப்புறம் விண்ணப்பம், கலந்தாய்வு, சேர்க்கைக் கட்டணம், ஹாஸ்டல் முன்பணம், சீருடை, பஸ் செலவு. வீட்டுல வருமானம் நின்ன அதே 61 நாளுக்குள்ள வாழ்க்கையோட பெரிய செலவு வந்து நிக்குது. மாசம் ஆயிரம் ரூபாய் எப்போ வரும்? காலேஜுல சேர்ந்து, பதிவு ஏறி, சரிபார்த்து முடிச்ச பிறகு. அதாவது, வாசலைத் தாண்டினவங்களுக்கு. வாசல்லயே நின்னுட்டவங்களுக்கு?

இது நமக்கு மட்டும் இருக்கிற பிரச்சினை இல்ல. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்துல ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள் நிறைய. இடம் கிடைச்சும் கோடை விடுமுறைக்குள்ள எத்தனையோ பேர் காணாமப் போயிடுறாங்கன்னு தரவைப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க. என்ன படிவம் பாக்கி, எந்தத் தேதிக்குள்ள கட்டணும்னு 2016-ல் இருந்து குறுஞ்செய்தியில நினைவுபடுத்தினாங்க, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாங்க. நழுவிப் போறவங்க எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல குறைஞ்சுது. அதே பல்கலைக்கழகம், சின்னத் தொகை பாக்கிக்காகப் பேர் நீக்கப்படுற மாணவர்களைத் தேடிப் பிடிச்சு, சின்ன உதவி கொடுத்துப் படிப்பைத் தொடர வச்சுது. பெரிய பணம் இல்ல தோழர்களே. சரியான நேரத்துல வந்த சின்னப் பணம்.

சரி, ‘திட்டம் வந்த பிறகு சேர்க்கை கூடியிருக்கே, அதுவே சாட்சி இல்லையா?’ என்று கேட்பாங்க. அவசரப்படக் கூடாது. 2021-ல் கொரோனாவால பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கல. 2022-ல் எல்லாம் மறுபடி திறக்குது. அந்த வருஷம் ஏறின எண்ணிக்கையில எது திட்டத்தால ஏறுச்சு, எது காலத்தால ஏறுச்சு? முன்ன-பின்ன பார்த்தா மட்டும் தெரியாது. பக்கத்துல வச்சும் பார்க்கணும்.

அதுக்கு நம்ம கையிலேயே வழி இருக்கு. 2022-ல் இருந்து 2024 வரைக்கும், ஒரே அரசுப் பள்ளியில ஒரே பெஞ்சுல படிச்ச அக்காவுக்கு ஆயிரம் கிடைச்சுது, தம்பிக்குக் கிடைக்கல. ஒரே தெருவுல அரசுப் பள்ளிப் பெண்ணுக்குக் கிடைச்சுது, அரசு உதவிபெறும் பள்ளிப் பெண்ணுக்குக் கிடைக்கல. 2024 டிசம்பர் கடைசியிலதான் அங்கே தமிழ் வழியில படிச்ச பெண்களுக்கும் நீட்டினாங்க. இந்த ரெண்டு கூட்டத்தையும் திட்டத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒப்பிட்டுப் பார்த்தா, ஆயிரம் ரூபாயோட உண்மையான பலம் எவ்வளவுன்னு பெருமளவு தெரிஞ்சிடும். பள்ளி மாணவருக்கு எமிஸ் எண் இருக்கு. கல்லூரிக்கு யூமிஸ் இருக்கு. தரவு அரசாங்கத்துக்கிட்ட தூங்குது. எழுப்பணும், அவ்வளவுதான்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் ‘அசாப்’ என்று ஒரு திட்டம் ஆரம்பிச்சுது. கட்டணத்துல விழுற பாக்கிக்கு உதவி, புத்தகத்துக்கு உதவி, பயண அட்டை, ஒவ்வொரு மாணவருக்கும் அடிக்கடி சந்திச்சுப் பேச ஒரு வழிகாட்டி. இதை வெளி ஆய்வு நிறுவனம் ஒண்ணு குலுக்கல் முறையில ரெண்டு குழுவாப் பிரிச்சுச் சோதிச்சுது. மூணு வருஷத்துல படிப்பை முடிச்சவங்க, திட்டத்துல இருந்த குழுவில 40 சதவீதம், இல்லாத குழுவில 22 சதவீதம். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பணமும் வேணும், பஸ்ஸும் வேணும், ‘ஏன் வரல’ன்னு கேட்க ஒரு ஆளும் வேணும். மூணும் சேர்ந்தாத்தான் பலன்.

பஸ்ஸுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2022 டிசம்பர்ல இருந்து 2025 ஏப்ரல் வரைக்கும் பாம்பன் பாலத்துல ரயில் ஓடல. தீவுல இருந்து ராமநாதபுரம் போய்ப் படிச்ச பிள்ளைகளோட வருகைப்பதிவு அந்த ரெண்டு வருஷத்துல என்ன ஆச்சு? யாராவது பார்த்தாங்களா?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். தரவு கத்தி மாதிரி. 2016-ல் அமெரிக்காவுல மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்துல, படிப்பை விட்டுடுவாங்கன்னு தோணுற மாணவர்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு, உதவுறதுக்குப் பதிலா ஆரம்பத்திலேயே வெளியே அனுப்பிட்டா விகிதம் நல்லாத் தெரியும்னு தலைவர் யோசிச்சார். விஷயம் வெளியே வந்துச்சு, அவர் பதவி விலகினார். அதனால நம்ம நிலைப்பாடு தெளிவா இருக்கட்டும். பட்டியல் எடுக்கிறது கை கொடுக்க, கழிச்சுக் கட்ட இல்ல. அப்பா சிறையில இருக்கார் என்பது அந்தப் பிள்ளையோட சொந்த விஷயம். அது நோட்டீஸ் போர்டுல வரக் கூடாது. ஒரு குப்பத்துல காலேஜ் போறது நாலே பேர்னா, சதவீதம் போட்டு வெளியிட்டா ஆள் தெரிஞ்சுடும். அங்கே எண்ணை வெளியிடக் கூடாது, நேர்ல போய்ப் பார்க்கணும்.

நம்ம கோரிக்கை நாலு.

ஒண்ணு: ஒவ்வொரு உதவித் திட்டத்துக்கும், வட்டாரவாரியா, சேர்ந்தவர் – ரெண்டாம் ஆண்டு தொடர்ந்தவர் – முடித்தவர் என்று மூணு எண்ணும் வருஷா வருஷம் வெளியிடணும். பேர் வேண்டாம், எண் போதும்.

ரெண்டு: பெற்றோரின் தொழில் என்கிற கட்டம் வேணும். விரும்பினா நிரப்பலாம் என்கிற அளவுல.

மூணு: தொடர்ந்து ரெண்டு வாரம் ஒரு மாணவர் வரலைன்னா, கல்லூரியில இருந்து ஒரு மனுஷன் போன் பண்ணணும்.

நாலு: கடற்கரை மாவட்டங்கள்ல உதவித்தொகையோட முதல் தவணை தடைக்காலத்துக்குள்ள, சேர்க்கைக்கு முன்னாடியே கைக்கு வரணும். அது பலன் தருதான்னு வெளி ஆய்வாளர்களை வச்சு அளக்கணும்.

இதை எந்த ஆட்சி இருந்தாலும் கேட்போம். நாளைக்கு நம்ம ஆட்சி வந்தாலும், நம்மளையே கேளுங்க. அப்படிக் கேட்கிற தொண்டன்தான் கட்சிக்குத் தேவை.

அரசாங்கம் செய்யும் வரைக்கும் சும்மா இருக்கணுமா? வேணாம். இந்த மே மாசம், உங்க கிளையில பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகள் யார் யார்னு உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போங்க. சேர்ந்தாச்சா, என்ன தடைன்னு கேளுங்க. ஜூலையில மறுபடி கேளுங்க. தீபாவளி முடிஞ்சு இன்னொரு தடவை கேளுங்க. கட்சி உறுப்பினர் வீடா இல்லையான்னு பார்க்காதீங்க. நின்னுட்டாங்கன்னு தெரிஞ்சா, மறுநாளே அந்தக் கல்லூரிக்கு அவங்களோட போங்க.

என் அண்ணனுக்கு இப்போ பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா. போன வாரம் அவர் என்கிட்ட கேட்டார்: “தம்பி, இவ சேர்ந்துடுவா. அது பிரச்சினை இல்ல. நடுவுல ஏதாவது ஆச்சுன்னா யாராவது வந்து கேட்பாங்களாடா?”

கேட்போம் அண்ணே.



#முடித்தவர்_கணக்கு_எங்கே #கடற்கரைக்கும்_கல்வி