இரண்டு கிழமை ஊழியம்

தாய்லாந்தின் வடபகுதியிலே சியங்மாய் என்னும் பழைய நகரம் இருக்கிறது. அங்கே பொழுது புலரும் வேளையில், காவியுடுத்த பிக்குமார் வெறுங்காலோடு வரிசையாக வீதியில் வருவர். கையிலே பிட்சாபாத்திரம். வீட்டு வாயிலிற் காத்திருக்கும் கிழவி, காலணியைக் கழற்றிவிட்டுச் சோற்றையும் கறியையும் பாத்திரத்தில் இட்டு, நிலத்தில் முழந்தாளிட்டுக் கைகூப்புகிறாள். பெற்றவர் நன்றி சொல்வதில்லை, கொடுத்தவளே வணங்குகிறாள். கொடுப்பதற்கு ஒரு வாய்ப்பைத் தந்தவர் அல்லவா அவர்?

எதிர்வீட்டு மாடியில் நின்று இக்காட்சியை வியப்போடு பார்க்கிறது ஓர் இளைஞர் கூட்டம். கடல் கடந்த நாடொன்றின் கிறிஸ்தவத் திருச்சபை அவர்களை அனுப்பியிருக்கிறது. இரண்டு கிழமை தங்கி, நற்செய்தி கூறி, தொண்டும் புரிந்து, வீடு திரும்புவது அவர்கள் நோக்கம். கொடுப்பதற்கென்றே வந்த அவர்கள் கண்முன்னே, கொடுத்தலின் இலக்கணம் வேறொரு வகையில் விளங்குகிறது.

பழைய மிஷனரிமார் வாழ்நாளையே ஒப்புக்கொடுத்துக் கப்பலேறியவர்கள். குறுங்கால ஊழியமோ, ஆகாய விமானப் பயணம் எளிதாகிய பின்னர், 1960 ஆம் ஆண்டையொட்டிய காலந்தொட்டுப் பெருகிய வழக்கம். பாடசாலை விடுமுறையிலும் தொழில் விடுமுறையிலும் மாணவரும் ஆசிரியரும் தாதிமாரும் தச்சரும் புறப்படுகின்றனர். தாய்லாந்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் பௌத்தர். கிறிஸ்தவர் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். அவர்களிலும் பெருந்தொகையினர் கரேன், லாகு, அக்கா முதலிய மலைவாழ் மக்கள். 2017 ஆம் ஆண்டு அரசியலமைப்பு மன்னர் பௌத்தராயிருத்தல் வேண்டும் என விதிக்கிறது. அதே வேளையில் அவரைச் சமயங்கள் யாவற்றையும் காப்பவர் எனவும் கூறுகிறது. ஆகவே வழிபடவோ பேசவோ அங்கே தடையில்லை. எனினும், சுற்றுலா அனுமதியில் வந்தவர் பள்ளியிற் பாடஞ் சொல்வதற்குக் கூலி பெறாவிடினும் தனி அனுமதி வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

வந்து இறங்கிய முதல் நாளே பாடம் தொடங்கிவிடும். வீட்டுக்குள்ளும் விகாரைக்குள்ளும் காலணியோடு போகலாகாது. பிள்ளையேயாயினும் தலையைத் தொடலாகாது. புத்தர் திருவுருவத்தை நோக்கிக் காலை நீட்டலாகாது. பெண்கள் பிக்குவின் கையைத் தீண்டலாகாது. இவற்றை மூத்த ஊழியர் எடுத்துரைக்க, இளைஞர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். தமிழ் நேயர்களுக்கு இவற்றுட் பல புதியன அல்ல. வீட்டுப் பெரியோர் கற்பித்த ஒழுக்கமேதான். மேல்நாட்டாரை அங்குள்ளோர் 'பரங்' என்று அழைப்பர். நம்மவர் வாயில் வழங்கிய 'பரங்கி' என்னும் சொல்லுக்கு அது உறவு.

பகற்பொழுது சிறுவர்க்கு ஆங்கிலப் பாட்டிலும் விளையாட்டிலும் கழியும். மலையோரக் கிராமத்தில் ஒரு சுவருக்கு வர்ணம் பூசுவர். நண்பகல் வெயிலிற் களைத்து, தரையிற் பாய் விரித்து, ஒட்டரிசிச் சோற்றைக் கையால் உருட்டி உண்பர். மாலையில் ஒரு விசுவாசியின் வீட்டிலே கூட்டம். கிதார் இசைப்பார் ஒருவர். தம் வாழ்க்கைச் சாட்சியை மற்றொருவர் கூறுவார். உள்ளூர்ப் போதகர் மொழிபெயர்ப்பார். இரவில் அன்றைய நிகழ்ச்சிகளை நினைந்து செபிப்பர். முகம் மலர்ந்த உபசாரமும் குழந்தைகளின் சிரிப்பும் அவர்கள் நெஞ்சை நிறைத்துவிடும்.

இனித்தான் சிக்கல் தொடங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் வாயிலிருந்து வரும் சொற்களைத் தமிழர் கேட்டால் பாதி விளங்கும். பாவம் அங்கே 'பாப்', புண்ணியம் 'புன்', கருமம் 'கம்', நரகம் 'நரொக்'. வடமொழியும் பாளியும் நமக்குத் தந்த அதே சொற்கள். ஆயின் சொல் ஒன்றாயிருப்பினும், கேட்பவர் உள்ளத்தில் எழும் பொருள் ஒன்றன்று. 'மறுபடியும் பிறக்க வேண்டும்' என்று இளைஞன் ஆர்வத்தோடு சொல்கிறான். எதிரேயிருக்கும் முதியவரோ பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதற்காக வாழ்நாள் முழுதும் தானமும் சீலமும் காத்தவர். 'என்றென்றும் வாழலாம்' என்பது அவர் காதில் முடிவற்ற துன்பமாகவும் ஒலிக்கக்கூடும். மணிமேகலையின் கதையை அறிந்தோர்க்கு இந்த இடர்ப்பாடு எளிதில் விளங்கும். மொழிபெயர்ப்பாளர் அரை நிமிடத்திற் கடந்துபோகும் அந்த ஒரு வாக்கியத்தை விளக்குவதற்கு ஓர் ஆயுளே வேண்டும்.

கூட்ட முடிவில், 'விசுவசிப்போர் கையுயர்த்துங்கள்' என்று கேட்பார் தலைவர். பல கைகள் உயரும். தாய் மக்களிடம் 'கிரெங் சாய்' என்றொரு பண்பு உண்டு. பிறர் மனம் நோகுமே, விருந்தினர் முகம் வாடுமே என்று தன் விருப்பை அடக்கிக்கொள்ளும் நயத்தக்க நாகரிகம் அது. தொலைவிலிருந்து வந்த பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பலாமா என்று உயர்ந்த கையும் அங்கே இருக்கும். உண்மையிலேயே உள்ளம் உருகி உயர்ந்த கையும் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இரண்டு கிழமை போதாது. கணக்கு மட்டும் ஊருக்குப் போய்விடுகிறது.

ஊழியர் விமானமேறிய பின்பு அந்தக் கைக்குரியவன் என்ன ஆகிறான்? அங்கே ஆண்மகன் ஒருவன் வாழ்நாளில் ஒரு முறையாவது துறவாடை பூணுதல் மரபு. மூன்று மாத மாரிகாலத்துக்கோ, சில நாட்களுக்கோ தலையை மழித்து விகாரையில் வாழ்ந்து, பின் இல்லறத்துக்கு மீள்வான். அரசாங்க ஊழியருக்கு இதற்கென 120 நாள் வரை விடுப்பு உண்டு. மகனின் காவியாடை ஓரத்தைப் பற்றிக்கொண்டு தாய் சுவர்க்கம் போவாள் என்பது மக்கள் நம்பிக்கை. மகன் கிறிஸ்தவனானால், அந்த ஆடை ஓரம் தாய்க்கு இல்லை. அவள் அழுகையை அடுத்த வீட்டார் கேட்பர். அந்த அழுகைக்கு நடுவிலே அவனோடு நிற்கவேண்டியவர் உள்ளூர்ப் போதகரும் அச்சிறு சபையுமே.

வரலாறும் இதையே சொல்கிறது. 1828 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் குட்சுலாப், தொம்லின் என்னும் இருவர் பாங்கொக்கில் இறங்கினர். தொம்லின் உடல்நலங் குன்றி ஓராண்டுக்குள் புறப்பட்டார். குட்சுலாப் 1831 இல் நீங்கினார். யாழ்ப்பாணத்துக்கு 1816 இல் வந்து, வட்டுக்கோட்டையில் 1823 இற் செமினரி நிறுவிய அதே அமெரிக்க மிஷன் சங்கம், வைத்தியர் தான் பீச் பிராட்லியை அனுப்பியது. 1835 இல் வந்த அவர் 1873 இல் இறக்கும்வரை அந்நாட்டைவிட்டு அகலாது உழைத்தார் எனலாம். இடையில் ஒருமுறையே தாயகம் சென்றார். 1837 இல் விகாரைத் திருவிழாவொன்றில் வெடிவிபத்தில் காயமுற்ற பிக்குவின் கையை அறுத்து உயிர்காத்தார். 1844 இல் அந்நாட்டின் முதற் செய்தித்தாளை வெளியிட்டார். அதே சங்கத்தைச் சேர்ந்த கஸ்வெல், பின்னாளில் மன்னரான மொங்குட் என்னும் பிக்குவுக்கு 1845 முதல் ஆங்கிலம் கற்பித்தார். அதற்கு ஈடாக விகாரை எல்லைக்குள்ளேயே போதிப்பதற்கு ஓர் இடம் பெற்றார். இத்தகைய பெருந்தன்மை கண்ட நாட்டிலும், பிரெசுபித்தேரியன் மிஷன் 1840 இல் தொடங்கி, முதற் சீயத்தவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1859 வரை காத்திருந்தது.

சியங்மாயிலே 1867 இல் மக்கில்வாரி பணியைத் தொடங்கினார். 1869 இல், நான் சாய், நொய் சுன்யா என்னும் இரு புதிய விசுவாசிகளை அப்பகுதி மன்னர் கொல்வித்தார். மிஷனரிமார் தப்பினர், விலை கொடுத்தோர் மண்ணின் மைந்தரே. 1878 இற் சமய சுதந்திரப் பிரகடனம் வந்த பின்னரே அச்சம் நீங்கிற்று. ஒரு கை உயர்வதைக் காணும் எவரும் இந்த இருவரையும் மறத்தல் தகாது.

அப்படியாயின் குறுங்கால ஊழியம் வீண்தானா? அன்று. அதன் பயனை எங்கே தேடுவது என்பதே கேள்வி. இதற்கு விடை அந்நாட்டு மரபிலேயே கிடைக்கிறது. துறவாடை பூணாதவனை அவர்கள் 'டிப்' என்பர். அதாவது பச்சை, பழுக்காதவன். துறவு கண்டு மீண்டவன் 'சுக்', அதாவது பழுத்தவன். மூன்று மாதத் துறவி, நாட்டைத் திருத்தப் புறப்பட்டவன் அல்லன். தன்னைப் பழுக்க வைக்கப் போனவன். பிறர் இட்ட சோற்றை உண்டு பணிவு கற்றவன். சுவிசேஷத்தைத் திருப்பிப் பார்த்தாலும் இதற்கு இணையானது உண்டு. இயேசு சீடரை இருவர் இருவராக அனுப்பியபோது, பையும் அப்பமும் காசும் வேண்டாம் என்றார். புகுந்த வீட்டில் வைத்ததை உண்ணுங்கள் என்றார். அவர்களும் ஒருவகைக் குறுங்கால ஊழியரே. பெற்று உண்ணும் நிலையிலேதான் அவர்கள் அனுப்பப்பட்டார்கள்.

யப்பானியரான கொசுக்கே கொயாமா 1960 முதல் 1968 வரை தாய்லாந்திற் பணிபுரிந்தவர். சியங்மாய் இறையியற் கல்லூரியிற் போதித்தவர். ஆலயத்துக்குப் போகும் வழியில், வயலில் நிற்கும் எருமைகளைக் கண்டு, இந்த உழவர்க்கு விளங்காத சொல்லால் பயனென்ன என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். அச்சிந்தனை எருமையின் பெயர் தாங்கிய நூலாக 1974 இல் வெளிவந்தது. மனிதன் நடக்கும் வேகமான மணிக்கு மூன்று மைலே கடவுளின் வேகம் என்பது அவருடைய மற்றொரு நூலின் கருத்து. 1967 இற் பெரும் பௌத்த அறிஞரான புத்ததாச பிக்குவை அந்நகரத்துக் கிறிஸ்தவரே அழைத்து, பௌத்தமும் கிறிஸ்தவமும் பற்றி உரையாற்றச் செய்தனர். 'கடவுள்' என்ற சொல்லைத் 'தருமம்' என்ற சொல்லோடு பொருத்தி அவர் விளக்க முயன்றார். அவர் கூற்றை ஏற்றோரும் இருந்தனர், ஏலாதோரும் இருந்தனர். எனினும் அங்கே கையுயர்த்தச் சொல்வோர் இல்லை. இரு சாராரும் இருந்து கேட்டனர்.

நல்ல சபைகள் இன்று இப்பாடத்தைக் கற்று வருகின்றன. உள்ளூர்ப் போதகர் கேட்ட பணியை மட்டும் செய்கின்றன. வர்ணம் பூசும் வேலையை ஊரிலுள்ள கூலியாளிடம் விடுகின்றன. பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகளை அநாதைகள் என்று படம்பிடிப்பதைத் தவிர்க்கின்றன. கைகளை எண்ணுவதை நிறுத்தி, அடுத்த ஆண்டும் அதே கிராமத்துக்கு, அதே வீட்டுக்கு வருகின்றன.

பயணத்தின் இறுதி நாள் வருகிறது. விடியற்காலையில் மீண்டும் அதே வரிசை, அதே கிழவி. மாடியிலே நின்ற இளைஞருள் ஒருத்தி இப்பொழுது வாயிலுக்கு இறங்கி வந்திருக்கிறாள். அவள் சோறு இடவில்லை. வேற்றுச் சமயத்தின் வழிபாட்டில் தலையிடவுமில்லை. பிக்குமார் கடந்து சென்றபின், எழ முடியாது தடுமாறும் கிழவிக்குக் கைகொடுத்து எழுப்புகிறாள். கிழவி அவளை வீட்டுக்குள் அழைத்து, மீந்த சோற்றை ஒரு தட்டிலிட்டு முன்னே வைக்கிறாள். வந்தவள் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து உண்கிறாள். உண்டு முடித்துக் கைகூப்புகிறாள்.