சக்கரத்தை மேலே பிடிச்சிருக்கிற ரப்பர் வளையம்

வீட்டு கராஜ்ல ஒரு விமானத்தைக் கட்டிடலாம். ரிப்பேர் வந்தா யார் பார்க்கிறது? அமெரிக்காவுல கட்டினவரே பார்க்கலாம். வருஷாந்திர சோதனையில கையெழுத்துப் போட, அவருக்கு எஃப்.ஏ.ஏ. தனிச் சான்றிதழே கொடுக்குது. சுதந்திரம்தான், ஆனா தப்பானா அதுல உட்கார்ந்திருக்கப் போறதும் அவரேதான்.

லான்சேர் 360-ஐ எடுத்துக்குவோம். ரெண்டு பேர் போகிற, சக்கரத்தை உள்ளே மடக்கிக்கிற விமானம். மடக்கின சக்கரத்தை மேலே பிடிச்சு வைக்க இதுல கொக்கி எதுவும் கிடையாது. ஹைட்ராலிக் அழுத்தம் மட்டும்தான் பிடிச்சிருக்கு. அழுத்தம் குறைஞ்சா மின் பம்ப் தானா ஓடி சரிபண்ணும். அதனால பறக்கும்போது பம்ப் அடிக்கடி ஓடுதுன்னா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். எஞ்சின் சத்தத்துல அது காதுல விழாது. பம்ப் ஓடும்போது எரியுற மாதிரி ஒரு குட்டி விளக்கு வெச்சுக்கிறது நல்லது.

வெளியே கசிஞ்சா சுலபம், சிவப்பு எண்ணெய் தரையில தெரியும். எண்ணெய் அளவு குறையவே இல்லை, பம்ப் மட்டும் ஓடுதுன்னா கசிவு உள்ளுக்குள்ள. உடனே எல்லா சிலிண்டரையும் கழட்ட ஆரம்பிச்சிடாதீங்க. விமானத்தை ஜாக்கியில ஏத்தி, சக்கரத்தை மடக்கி, ஒரு சிலிண்டர்ல 'இறக்கு' பக்கத்துக் குழாயை மட்டும் கழட்டுங்க. அந்தத் துளையில எண்ணெய் சொட்டிக்கிட்டே இருந்தா பிஸ்டன்ல இருக்கிற ஓ-ரிங் போயிடுச்சு. எந்த சிலிண்டரும் சொட்டலைன்னா அவசர வால்வையோ பம்பையோ சந்தேகப்படணும். உள்ளே ஆயிரம் பவுண்டு அளவுல அழுத்தம் இருக்கு. ஊசிமுனை ஓட்டையில வர்ற எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். கையால தடவித் தேடாம அட்டையை வெச்சுப் பாருங்க.

ஓ-ரிங் ரொம்ப மலிவு. அதுக்காக ஹார்ட்வேர் கடையில அளவு பார்த்து வாங்கிடக் கூடாது. சிவப்பு எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் வேணும். கார் பிரேக்குக்குன்னு வர்ற ஈ.பி.டி.எம். ரப்பர் அதுல ஊறி உப்பிடும். அதேபோல கார் பிரேக் எண்ணெயை இதுல ஊத்தினா நைட்ரைல் கெட்டுப்போகும். குழாய் முனையிலும் கவனம்: விமானத்துல 37 டிகிரி, கார்ல பெரும்பாலும் 45. முறுக்கினா உட்கார்ந்த மாதிரியே இருக்கும், ஆனா சரியா அடைக்காது.

மாட்டி முடிச்சதும் பம்பால நாலு தடவை ஏத்தி இறக்கிட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்க நிறைய. அவசர வால்வைத் திறந்து பார்க்கணும். அப்போ பின்சக்கரங்கள் தன் எடையிலேயே விழும். மூக்குச் சக்கரம் எதிர்க்காத்தைத் தள்ளிக்கிட்டு முன்னாடி வரணும், அதைத் தள்ளுறது ஒரு கேஸ் ஸ்ட்ரட். வருஷம் ஆக ஆக அதோட பலம் குறையும். ஹேங்கர்ல காத்து இல்லாததால அங்கே ஜம்முனு இறங்கிடும், நம்மளை ஏமாத்திடும். அதனால மீன் எடை போடுற ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, கிட் கையேடு சொல்ற பலம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஸ்ட்ரட்டையும் அன்னைக்கே மாத்திடுங்க.