படகில் கிடைத்த நேரம்



பொதுக்காலத்தின் 16ஆம் ஞாயிறாகிய இன்று மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு சிறு பகுதி நமக்கு வாசிக்கப்படுகிறது. பணிக்கு அனுப்பப்பட்ட திருத்தூதர்கள் திரும்பி வருகிறார்கள். செய்ததையும் கற்பித்ததையும் ஆண்டவரிடம் சொல்கிறார்கள். வருவோரும் போவோருமாக ஒரே கூட்டம், சாப்பிடக்கூட நேரமில்லை. ஆண்டவர் அவர்களைப் பாராட்டிவிட்டு அடுத்த ஊருக்கு அனுப்பவில்லை. தனிமையான ஓர் இடத்திற்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்கச் சொல்கிறார்.

இந்தப் பகுதியைக் குருக்களுக்கும் துறவியருக்கும் உரியதாகவே நாம் விளக்கி வந்திருக்கிறோம். ஆண்டுத் தியானத்திற்குப் போகும்போது இதைத்தான் வாசிப்போம். இல்லறத்தாருக்கும் இது உரியது என்று நமக்குக் காட்டியவர்கள் ஒரு தம்பதியர். விழுப்புரம் பக்கம் முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் இருந்தவர்கள். அவர்களுடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். யார் என்று மட்டும் தேட வேண்டாம்.

அவருக்குச் சிறிய மளிகைக் கடை. விடியற்காலை ஐந்தரைக்குத் திறந்தால் இரவு பத்துக்குத்தான் மூடுவார். அந்த அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்தார். மூன்று பிள்ளைகள், ஒரு கூடம், ஓர் அறை. திருமணமாகிப் பதினேழு ஆண்டுகள். ஒருநாள் அந்த அம்மா நம்மிடம் வந்து, "சாமி, பிள்ளைங்கள எங்க அம்மாகிட்ட விட்டுட்டு ரெண்டு பேரும் ஒரு நாள் பாண்டிச்சேரி போயிட்டு வரலாம்னு இருக்கோம். தப்பா சாமி?" என்று கேட்டார். தெருவில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது, இந்த வயதில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகிறார்களாம் என்று. நாம் என்ன பதில் சொன்னோம் தெரியுமா? "பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போகலாமே" என்றோம். இறையியல் படித்த நமக்கு அன்று தோன்றியது அவ்வளவுதான்.

நல்லவேளை, அவர்கள் நம் பேச்சைக் கேட்கவில்லை.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி 40 கிலோமீட்டர்தான். அதற்கு முன் எத்தனையோ முறை போயிருக்கிறார்கள். அவருடைய அப்பாவை ஜிப்மரில் சேர்க்கப் போனார்கள், தங்கையின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனார்கள். வேலை முடிந்ததும் ஓடிவந்து பஸ் பிடிப்பார்கள். ஊரைப் பார்த்ததில்லை. இந்த முறை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள திரு இருதய பசிலிக்காவில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். மன்றாட்டு எதுவும் சொல்லத் தோன்றவில்லை என்று அவர் குற்றவுணர்வோடு நம்மிடம் சொன்னார். பாரதி பூங்காவில் வேர்க்கடலை வாங்கித் தின்றார்கள். தூய்மா வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் சம்மனசுகளின் மாதா கோயிலைப் பார்த்தார்கள். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் அல்லவா, அப்போது நடந்தார்கள். பதினேழு ஆண்டுகளில் அக்கம்பக்கமாக அவ்வளவு தூரம் நடந்தது அன்றுதானாம். ஊரில் அவர் முன்னால் போவார், அந்த அம்மா பின்னால் வருவார்.

காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி ஒலித்தது. கடைக்குட்டி பேசினான். "அம்மா, சார்ஜர் எங்க?" கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். பாட்டி காரமாகக் குழம்பு வைத்துவிட்டார்களாம்.

நற்செய்தியிலும் இதே கதைதான். சீடர்கள் படகேறிப் புறப்பட்டதை மக்கள் பார்த்துவிட்டார்கள். எல்லா ஊர்களிலிருந்தும் கால்நடையாக ஓடி, இவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆயனில்லா ஆடுகள் போலிருந்த அவர்கள்மீது ஆண்டவர் பரிவு கொண்டு மீண்டும் கற்பிக்கத் தொடங்குகிறார். அப்படியானால் சீடர்களுக்கு ஓய்வு எப்போது கிடைத்தது? படகில் போன அந்த நேரம் மட்டும்தான். கரைக்கும் கரைக்கும் இடையே கிடைத்த கொஞ்ச நேரம்.

அந்தக் கடைக்காரருக்கும் அப்படிக் கொஞ்ச நேரம் கிடைத்தது. இரண்டாவது அழைப்பு முடிந்தபின் அவர் பேச ஆரம்பித்தார். கடையில் நட்டம் வந்ததையும், வட்டிக்குக் கடன் வாங்கி இரண்டு ஆண்டுகளாக வீட்டுக்குத் தெரியாமல் கட்டிவருவதையும் சொன்னார். அந்த அம்மா கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குத் தெரியுங்க. எட்டு மாசமா தெரியும். நீங்க சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாராம்.

ஒரே கூரையின்கீழ் ஒருவர் மறைத்தார், மற்றவர் மறைத்ததை அறிந்தும் காத்திருந்தார். இருவரும் செய்தது அன்பினால்தான். ஆனாலும் அதைச் சொல்ல அந்த வீட்டில் இடமில்லை. ஒன்று கடையில் ஆள் நிற்கும், இல்லையென்றால் பிள்ளைகள் நடுவில் படுத்திருக்கும். கடன் அந்த இரவோடு தீர்ந்துவிடவில்லை. ஊர் திரும்பியதும் அந்த அம்மாவே நகையை வங்கியில் வைத்து, வட்டிக்காரர் கணக்கை முடித்தார். வங்கிக் கடனை இருவருமாகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் கட்டினார்கள்.

இணைச்சட்ட நூல் 24ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. புதிதாக மணமுடித்தவனைப் போருக்கு அனுப்பக் கூடாது, வேறு பொறுப்பையும் சுமத்தக் கூடாது. ஓராண்டு அவன் வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்க வேண்டும். போர்க்காலத்திலும் கணவன் மனைவிக்கென்று நேரம் ஒதுக்கியது அந்தச் சட்டம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' மடலிலும், அன்புக்கு நேரம் வேண்டும், பேசவும் கேட்கவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கவும் நேரம் வேண்டும் என்கிறார்.

எல்லாருக்கும் புதுச்சேரி வாய்க்காது என்பது நமக்குத் தெரியும். பிள்ளைகளை விட்டுச்செல்லப் பாட்டி இல்லாத வீடுகள் உண்டு. ஒரு நாள் கூலி போனால் அடுப்பெரியாத வீடுகளும் உண்டு. அவர்களிடம் போய் வாருங்கள் என்று மட்டும் சொல்வது எளிது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிறு மாலையைப் பறிப்பதில் பங்குக்கும் பங்கு உண்டு. அன்பியக் கூட்டத்தில் கணவர், பாடகர் குழுவில் மனைவி, வின்சென்ட் தே பவுல் சபையில் மறுபடியும் கணவர். எல்லாம் நல்ல காரியங்கள்தான். கூட்டம் வைப்பது நாம்தானே.

ஆகவே வரும் மாதம் முதல் நம் பங்கில் கடைசி ஞாயிறு மாலை எந்தக் கூட்டமும் இராது. பெற்றோர் பிள்ளைகளை 4 மணிக்கு மறைக்கல்வி அறையில் விட்டுவிட்டு, ஏரிக்கரை வரைக்காவது நடந்துவிட்டு 8 மணிக்குள் வந்து அழைத்துச் செல்லலாம். பார்த்துக்கொள்ள நான்கு பேர் தேவை. பங்குப் பேரவைச் செயலர் தாளை ஒட்டிவிட்டார். முதல் வரியில் நம்மைக் கேட்காமலே நம் பெயரை எழுதியிருக்கிறார். மூன்று வரிகள் காலியாக இருக்கின்றன.