ஊர் விட்டுப் போனாலும் உரிமை விட்டுப் போகாது!

(ஒன்றிய மாநாட்டில் ஆற்றிய உரை)



விவசாயிகள் சங்க மேடையில வெளியூர்க் கூலிகளைப் பத்தி ஏன் பேசணும் என்று சிலர் கேட்கலாம். மழை பொய்த்த வருஷம் கரும்பு வெட்டவோ, செங்கல் சூளைக்கோ, பெங்களூர் கட்டட வேலைக்கோ ஆள் போகாத வீடு இங்கே எத்தனை? ரெண்டு ஏக்கர் மானாவாரிக்காரன் பாதி வருஷம் விவசாயி, பாதி வருஷம் கூலி. இதுதான் நம்ம நிலைமை.

மேஸ்திரி முன்பணம் தர்றான். கடனை அடைக்க வாங்கிக்கிறோம். அங்கே போனதும், "கணக்கு தீரலை, ஊருக்குப் போகக்கூடாது" என்கிறான். இதுக்குப் பேர் கொத்தடிமை! 1976ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. கலெக்டர் மீட்டாக வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்பு என்று, 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வெளிமாநிலம் போகிறவர்களுக்கு 1979இல் தனிச் சட்டம் வந்தது. 5 பேர் இருந்தாலே அது செல்லும். பயணப்படி உண்டு, இடப்பெயர்வுப்படியாக மாதக்கூலியில் பாதியும் உண்டு. ஆனால் ஏட்டில் இருந்தது கைக்கு வரவில்லை. 2020 ஊரடங்கில் குழந்தை குட்டிகளோடு நடந்தே ஊர் திரும்பிய ஜனங்களைப் பார்த்தோமே! அதே வருஷம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21இல் அமலாக்கிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தை விழுங்கிவிட்டது. பயணப்படி இருக்கிறது. இடப்பெயர்வுப்படி போச்சு. வெளிமாநிலத்தார் 10 பேர் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. 9 பேரை வைத்து வேலை வாங்குகிறவனுக்குக் கொண்டாட்டம்!

இன்னொன்றையும் மனசாட்சியோடு பேசணும். இப்போ டெல்டாவில் வங்காளத்து ஆட்கள் வந்து நாத்து நடுறாங்க. அவங்களும் அவங்க ஊரில் நம்மைப் போலக் கால்காணிக்காரங்கதான். வெளியூர் ஆள் என்று கூலியைக் குறைத்தால், நாளைக்கு நம்ம பொம்பளைங்க கூலியும் குறையும். பெங்களூரில் நம்ம பிள்ளைக்கு நியாயம் கேட்கிற நாம், நம்ம வயலில் அதைக் கொடுக்கணும்.

ஆகவே தோழர்களே, போகும் முன் ஆள் பேர், மேஸ்திரி பேர், வேலை இடம், வாங்கிய பணம் எல்லாத்தையும் கிளைச் சங்கத்தில் எழுதி வையுங்கள். சிக்கல் வந்தால் சங்கம் கலெக்டர் வாசலில் நிற்கும்.

இடப்பெயர்வுப்படியைத் திரும்பக் கொடு!
பத்துப் பேர் நிபந்தனையை நீக்கு!
விளைச்சலுக்கு விலை கொடு, ஊரிலேயே வாழ விடு!